மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு நிமிடம்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவு முழுக்க ஓடிக் கடக்கிற தூரத்தை ஒரே நிமிடத்தில் கடக்கிற ஒன்று மதுரைக்கு மேலே அடிக்கடி போய்வருகிறது. அதைப் பார்க்கக் கட்டணம் கிடையாது, தொலைநோக்கி வேண்டாம். மொட்டை மாடியும் மேகமில்லாத வானமும் இருந்தால் போதும். சர்வதேச விண்வெளி நிலையத்தைத்தான் சொல்கிறேன். இதுவரை என் கண்ணால் கண்டவற்றில் இதற்கு ஈடாக இன்னொன்றை என்னால் சொல்லவே முடியாது!

பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து அது வருகிற நாள்தான் அருமை. ஆனையூரில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தென்மேற்கே, நாகமலைப் பக்கம், மங்கலான ஒரு புள்ளி தலைகாட்டும். விமானமாக இருந்தால் சிவப்பும் பச்சையுமாக மினுக்கும், இது மினுக்காது. ஏற ஏற ஒளி கூடிக்கொண்டே வரும். உச்சிக்கு வரும்போது எந்த நட்சத்திரமும் அதற்குக் கிட்டே நிற்க முடியாது, வெள்ளிக் கிரகத்தோடு போட்டி போடும். சத்தம் துளிகூட இருக்காது. 109 மீட்டர் நீளம், சுமார் 420 டன் எடை, உள்ளே வழக்கமாக ஏழு பேர். இத்தனையும் நம் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போகும். பிறகு வடகிழக்கே, அழகர்மலைக்கும் யானைமலைக்கும் நடுவே இறங்கத் தொடங்கி, அடிவானத்தைத் தொடுவதற்கு முன்பே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேசாகச் சிவந்து அணைந்துவிடும். மேகம் எதுவும் மறைத்திருக்காது. பூமியின் நிழலுக்குள் அது நுழைந்திருக்கும். அதன் ஒளி முழுக்க முழுக்கச் சூரியனுடையது. நமக்கு மறைந்துவிட்ட சூரியன் அந்த உயரத்துக்கு இன்னும் மறையாமல் இருந்ததால் மின்னியது. நமக்கு அது அணைகிற வினாடியில், உள்ளே இருப்பவர்களுக்கு அஸ்தமனம். ஒரு நாளைக்கு அவர்களுக்குச் சுமார் 16 அஸ்தமனங்கள். இது முதன்முதலில் புரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது; இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

அதன் சுற்றுப்பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்தது. அதனால் நம் ஊர்ப் பக்கம் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வரும் நாட்களில், அது போகிற திசையும் மதுரையிலிருந்து சென்னை இருக்கிற திசையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. ஆகாய வழியில் மதுரைக்கும் சென்னைக்கும் 420 கிலோமீட்டர். நிலையத்தின் வேகம் வினாடிக்கு 7.66 கிலோமீட்டர், மணிக்குக் கிட்டத்தட்ட 27,600. நம் உச்சியைத் தாண்டி ஒரு நிமிடத்தில் அது சென்னைக்காரர்களின் உச்சிக்குப் போய்விடுகிறது. அது பறக்கும் உயரமும் சுமார் 400 கிலோமீட்டர்தான், அதாவது இன்னொரு மதுரை–சென்னை. விண்வெளி அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை நான் ஆளைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் மாடிக்கு அழைத்தேன். அது தலைக்கு மேலே வந்ததும், கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தவர் கேட்டார்: "ஏம்ப்பா, நாங்க சின்னப் பிள்ளையா இருக்கையில ஸ்கைலாப்பு விழுதுன்னு ஊரே நடுங்குச்சே, இதுவும் ஒரு நா விழுந்திராதா?"

"இப்பவே விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு பெரியம்மா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப தரை எங்க போச்சு?"

இந்த விஷயத்தில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. செயற்கைக்கோள் எப்படி மேலேயே நிற்கிறது என்பதற்கான பதில் முழுவதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தரைதான் போய்விடுகிறது!

கணக்கு இதுதான், மாடியிலேயே நின்று போட்டுவிடலாம். கையிலிருந்து நழுவிய கல் முதல் வினாடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழும். அதையே பக்கவாட்டில் எறிந்தாலும் அதே 5 மீட்டர்தான். எவ்வளவு வேகமாக எறிந்தாலும் விழுகிற அளவு மாறாது, போய் விழும் இடம்தான் தள்ளிப் போகும். இப்போது பூமியைப் பாருங்கள். அது உருண்டை. ஓர் இடத்திலிருந்து நேர்கோடாக 8 கிலோமீட்டர் போனால், அதற்குள் தரை நமக்குக் கீழே 5 மீட்டர் வளைந்து இறங்கியிருக்கும். ஆகவே ஒரு வினாடியில் 8 கிலோமீட்டர் போகிற வேகத்தில் கல்லை எறிந்தால், கல் 5 மீட்டர் விழும், தரையும் 5 மீட்டர் விலகும். அடுத்த வினாடியிலும் அப்படியே. அதற்கடுத்த வினாடியிலும். காற்று மட்டும் குறுக்கே நிற்காவிட்டால் அந்தக் கல் விழுந்துகொண்டே உலகத்தைச் சுற்றி வந்து நம் முதுகிலேயே அடிக்கும்.

காற்றுதான் குறுக்கே நிற்கிறதே! அதனால்தான் 400 கிலோமீட்டர் மேலே போகிறார்கள். அந்த உயரத்தில் பூமியின் இழுப்பு கொஞ்சம் குறைவு, ஒரு வினாடிக்கு 4.3 மீட்டர்தான் விழும். அதற்குத் தக்கபடி வேகமும் கொஞ்சம் குறைந்தால் போதும். 7.66 என்ற எண் அப்படி வந்ததுதான்.

பீரங்கியை ஒரு பெரிய மலையுச்சியில் வைத்துக் குண்டைக் கிடையாகச் சுட்டால் என்ன ஆகும் என்று யோசித்தவர் நியூட்டன். மருந்து கூடக் கூடக் குண்டு தள்ளிப் போய் விழும், ஒரு கட்டத்தில் விழவே விழாமல் பூமியைச் சுற்றத் தொடங்கிவிடும் என்றார். படத்தோடு அந்த விளக்கம் அச்சாகி வெளிவந்தது 1728இல், அவர் இறந்த மறு ஆண்டு. அதைச் சோவியத் யூனியன் செய்துகாட்டியது 1957 அக்டோபர் 4 அன்று, ஸ்புட்னிக்கைக் கொண்டு. இடையில் 229 ஆண்டுகள். விண்வெளிக்குப் போகும் ராக்கெட் என்று ஒன்று சாத்தியமாவதற்கு முன்பே, காகிதத்தின் மேல் ஒரு செயற்கைக்கோள் பறந்துகொண்டிருந்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு நியூட்டன் மேல் பக்தியே வருகிறது.

"அங்கே ஈர்ப்பு விசை இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, தயவுசெய்து அதை நிறுத்துவோம். விண்வெளி நிலையம் இருக்கும் உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 90 பங்கு அப்படியே இருக்கிறது. அது இல்லாமல் போனால் நிலையம் நேர்கோட்டில் விண்வெளிக்குள் போய்த் தொலைந்துவிடும். இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன், ஜூலையில் அங்கே மிதந்ததை நாடே பார்த்தது. அவரும் விழுந்துகொண்டிருந்தார், அவர் கையிலிருந்த தண்ணீர்த் துளியும் விழுந்துகொண்டிருந்தது, சுற்றியிருந்த சுவரும் விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரே அளவாக விழும்போது ஒன்றன்மேல் ஒன்று அழுந்துவதில்லை. மிதப்பது என்பது அவ்வளவுதான்.

பக்கவாட்டு வேகம்தான் எல்லாம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். 2023 ஜூலை 14, பிற்பகல் 2.35. சந்திரயான்–3 கிளம்பிய நேரம். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து 30 கிலோமீட்டர் தெற்கே, கடற்கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். முதலில் ஒளி. வடக்கே மரவரிசைக்கு மேலே, வெல்டிங் பொறியைப் பார்ப்பதுபோல் கண் கூசும் ஆரஞ்சு ஒளி, மௌனமாக எழுந்தது. ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூடு அதைக் கேட்டது. ஆனால் அன்றைக்கு நான் விழுங்கிவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை. ராக்கெட் நேராக மேலே போகவில்லை. எழுந்த கொஞ்ச நேரத்திலேயே கிழக்கே, வங்கக் கடலின் பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, இன்னும் சாய்ந்து, கடைசியில் கடலுக்கு இணையாக ஓடுவதுபோல் ஆயிற்று.

ராக்கெட்டின் பெரும்பாடு உயரத்துக்காக என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. ஒரு பொருளை 400 கிலோமீட்டருக்குத் தூக்க ஆகும் ஆற்றலைப்போல எட்டு மடங்கு, அங்கே அதற்குப் பக்கவாட்டு வேகம் கொடுக்க ஆகிறது. வேகம் கொடுக்காமல் வெறுமனே தூக்கிவிட்டால், வந்த வழியே திரும்பி விழுந்துவிடும். கிழக்கே சாய்வதிலும் ஒரு லாபம் இருக்கிறது. பூமியே கிழக்கு நோக்கித்தான் சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் அந்தச் சுழற்சி வினாடிக்கு 450 மீட்டர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. அன்று கிளம்பிய 16 நிமிடத்தில் சந்திரயான், பூமியை 170 கிலோமீட்டர் அருகிலும் 36,500 கிலோமீட்டர் தொலைவிலுமாகச் சுற்றும் நீள்வட்டத்தில் இருந்தது. அருகே வரும்போது வினாடிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் வேகம், தொலைவின் உச்சியில் வெறும் ஒன்றரை கிலோமீட்டர். நாங்களோ அப்போது பழவேற்காட்டில் காரை எடுக்கக்கூட முடியாமல் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

வேகம் கொஞ்சம் குறைந்தால் என்ன? அதற்கும் நம்மிடம் ஓர் உதாரணம் உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி முதன்முறையாகப் பறந்தது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதையில் விட வேண்டிய செயற்கைக்கோள்களை, ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீட்டர் உள்ள நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த உயரத்தில் வேகம் நூற்றில் ஒரு பங்கு போதாமல் போனாலே பாதை இப்படி ஆகிவிடும். 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. அரைச் சுற்றுக்குள் கதை முடிந்தது. நாடு முழுவதும் 750 மாணவிகள் சேர்ந்து செய்த ஆசாதிசாட்டும் அதில் போயிற்று. அவர்கள் விடவில்லை. ஆசாதிசாட்–2 செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அதே எஸ்எஸ்எல்வி அதை 450 கிலோமீட்டரில் சரியாகக் கொண்டுபோய் வைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

காற்று என்றதும் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப் நினைவுக்கு வருகிறது. பெரியம்மாவின் பயம் வீண் பயமில்லை. 400 கிலோமீட்டரிலும் காற்று முற்றாகத் தீர்ந்துவிடுவதில்லை. மெல்லிய வாடை மாதிரி ஏதோ இருக்கிறது, அது செயற்கைக்கோளை ஓயாமல் உரசுகிறது. சூரியன் சீறுகிற ஆண்டுகளில் வளிமண்டலம் சூடாகி உப்பி இன்னும் மேலே வரும். அப்படி ஒரு காலத்தில் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே 1979 ஜூலை 11 அன்று ஸ்கைலாப் இறங்கியது. துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. தாழப் பறந்த ஸ்புட்னிக் மூன்றே மாதத்தில் எரிந்துபோனது. ஸ்புட்னிக் கிளம்பி ஐந்து மாதம் கழித்து, 1958 மார்ச்சில் அமெரிக்கா அனுப்பிய வான்கார்ட்–1 ஒன்றரைக் கிலோகூட இல்லாத சின்னப் பந்து. அதன் பாதை காற்று ஏறக்குறைய எட்டாத உயரம். எஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை, பேச்சு நின்று அறுபது ஆண்டு ஆகிறது. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது! சுற்றுவதற்கு எதுவுமே செலவில்லை. உரசலைச் சமாளிக்கத்தான் செலவு. விண்வெளி நிலையத்துக்கு அவ்வப்போது ராக்கெட்டைக் கொளுத்தி உயரத்தை மீட்டுக்கொடுப்பது இதற்காகத்தான்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இருப்பதிலேயே பிடித்தது. உரசல் செயற்கைக்கோளின் வேகத்தைக் குறைக்கும் என்றுதானே நினைப்போம்? வேகம் கூடுகிறது! உரசியதால் கொஞ்சம் கீழே இறங்குகிறது. கீழ்ப்பாதையில் சுற்ற அதிக வேகம் வேண்டும். இறங்குகிற இறக்கமே அந்த வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. நான்குவழிச் சாலையில் முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். சுற்றுப்பாதையில் முன்னால் போகிறவரைப் பிடிக்க பிரேக் போட வேண்டும். பிரேக் போட்டால் கீழே இறங்குவோம், கீழே சுற்றும் வட்டம் சிறிது, வேகமும் அதிகம், ஆகவே எட்டிப் பிடித்துவிடுவோம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மேலே போய்ப் பின்தங்கிவிடுவோம். 1965இல் ஜெமினி–4 கலத்தில் போன அமெரிக்க வீரர்கள், தங்கள் ராக்கெட்டின் கழன்ற பகுதியை நேராகக் குறிவைத்து நெருங்கப் பார்த்து முடியாமல் விட்டார்கள். பிரேக் போட்டுப் பிடிக்கும் இந்தச் சூட்சுமத்தைத்தான் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் செய்துகாட்டியது. தலைக்கு 220 கிலோ எடையுள்ள இரண்டு சின்னக் கலங்கள், 475 கிலோமீட்டர் உயரம், இரண்டும் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். பல கிலோமீட்டர் இடைவெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, நின்று, பார்த்து, மறுபடி நெருங்கி, 2025 ஜனவரி 16 அன்று ஒன்றோடொன்று கைகோத்தன. ரஷ்யா, அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து நாம்.

இன்னொரு அதிசயத்தைப் பார்க்க வானத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். தெருவில் எந்த வீட்டு மாடியிலும் இருக்கிற டிஷ்ஷைப் பாருங்கள். வந்து பூட்டியவர் ஒரு திசைக்குத் திருப்பி, சிக்னல் வந்ததும் நட்டை முறுக்கிவிட்டுப் போனதோடு சரி. ஆண்டுக்கணக்கில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் அது குறிவைத்திருக்கும் செயற்கைக்கோள் வினாடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறது. உயரம் கூடக் கூட வேகம் குறையும், வட்டம் பெரிதாகும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற ஆகும் நேரமும் அதே. பூமத்திய ரேகைக்கு மேலே அந்த உயரத்தில் விட்டால், நம்மோடு சேர்ந்தே சுற்றி, அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். மூன்றை இப்படி நிறுத்தினால் உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க், பின்னாளில் இலங்கைக்கு வந்து, அங்கேயே வாழ்ந்து 2008இல் மறைந்தார்.

அந்த உயரத்தில் காற்றுத் தொல்லை கிடையாது. ஆனால் பூமியின் பூமத்திய ரேகை ஒழுங்கான வட்டமாக இல்லை. விட்டுவிட்டால் செயற்கைக்கோள் கிழக்கு மேற்காக நகர ஆரம்பித்துவிடும். இந்த நகர்வுக்கு இரண்டே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன, கைவிடப்பட்டவற்றில் பல ஊசலாடிக்கொண்டு அவற்றைச் சுற்றியே வரும். அந்த இரண்டில் ஒன்று கிழக்குத் தீர்க்கரேகை 75 பாகையில், மாலத்தீவின் தெற்கு முனைக்குச் சற்றுக் கிழக்கே, கன்னியாகுமரிக்குத் தெற்கே, சற்று மேற்காக, நம் கடலுக்கு மேலே இருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் கடல் என்றதும் குலசேகரன்பட்டினத்தையும் சொல்லியாக வேண்டும். பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் வடக்கு தெற்காகச் சுற்றுகின்றன, பாதை பூமத்திய ரேகைக்கு 98 பாகை சாய்வு. பூமி இடுப்பில் உப்பியிருப்பதால் அந்தப் பாதை நாளுக்கு ஒரு பாகை வீதம் தானாகத் திரும்புகிறது. அதனால் ஓர் ஊரை எப்போதும் ஒரே மணிக்கே கடக்கிறது. பூமியின் தொப்பையைக்கூட வேலை வாங்கியிருக்கிறார்கள்! இப்படிப்பட்டவற்றை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பும்போது இலங்கைக்கு மேலே போகாமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை குறுக்கே பெரிய நிலம் எதுவும் இல்லை. 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே எஸ்எஸ்எல்விக்கான ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிற அந்த ஊருக்கு, அங்கிருந்து கிளம்பும் முதல் எஸ்எஸ்எல்வியைப் பார்க்கவும் நான் போவேன்.

பெரியம்மா இப்போது தானாகவே "இன்னைக்கு வருமா?" என்று கேட்கிறார். நீங்களும் பார்க்க வேண்டும். நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலியிலோ 'ஹெவன்ஸ் அபவ்' தளத்திலோ உங்கள் ஊரைக் கொடுத்தால், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் எழும் என்று நிமிடக் கணக்காகச் சொல்லும். 60 பாகைக்கு மேல் உயரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிடம் முன்னதாகவே மாடி விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள், பிள்ளைகளையும் பெரியவர்களையும் உடன் அழைத்துப் போங்கள். 2030 வரை இயக்கிவிட்டு, அதன் பிறகு பசிபிக் பெருங்கடலில் இந்த நிலையத்தை இறக்கிவிட நாசா திட்டமிட்டிருக்கிறது. அதற்குள் ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள்.